பால் செரியாத வயிறு

பாலைக் குறைகூறினால் நம் வீடுகளில் எவரும் பொறுப்பதில்லை. காலையில் ஒரு குவளை பால் குடியாத பிள்ளையைத் தாயார் வாயிற்படி தாண்ட விடமாட்டார். ஆயினும், அதைக் குடித்துவிட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வரும் மாணவருட் சிலர், முதற்பாடம் முடியுமுன்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே செல்ல அனுமதி கேட்பதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுதல் முறையன்று.

பாலிலுள்ள சர்க்கரைக்கு லக்டோஸ் என்று பெயர். சிறுகுடலில் அதனை உடைத்துச் செரிக்கச் செய்வது லக்டேஸ் என்னும் நொதியம். குழந்தைப் பருவம் கழிந்தபின் உலக மாந்தரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு இந்நொதியம் குறைந்துவிடுகின்றது. செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து புளித்து வாயுவாகும், நீரையும் இழுக்கும். பொருமலும் இரைச்சலும் கழிச்சலும் இதனால் விளைவனவே. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆய்வொன்றிலே, புதுடில்லியிற் சோதிக்கப்பட்டோரில் 27.4 வீதத்தினருக்கே பால் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலுமோ 66.6 வீதத்தினருக்கு. தென்திசை வயிற்றுக்கு இது நோயன்று, இயல்பென்றே சொல்லலாம்.

அதற்காகப் பாலை அடியோடு விலக்க வேண்டியதில்லை. 200 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 10 கிராம் லக்டோஸ் உண்டு. உணவோடு சேர்த்து அருந்தினால் பலர் அவ்வளவைத் தாங்குவர். சட்டித்தயிர் இன்னும் நல்லது. தயிராக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுவதோடு, எஞ்சியது குடலிற் செரிக்கவும் துணைசெய்கின்றன. நெய்யில் அது இல்லையென்றே கூறலாம். பால்மாவிலேதான் பலர் ஏமாறுகின்றனர். கொழுப்பு நீக்காத பால்மா 100 கிராமில் 36 கிராமுக்கு மேல் லக்டோஸே. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில், கித்துள் பனங்கட்டியும் வெறுந்தேநீருமாய் நாட்கழித்தபோது வயிறு தேறியதென்று வியந்தவர் எவரேனும் இருப்பின், காரணம் இப்போது விளங்கும்.

பாலைக் குறைப்போர் கல்சியத்தைக் குரக்கன், எள், முருங்கையிலை ஆகியவற்றிற் பெறலாம். மச்சம் உண்போர்க்கு முள்ளோடு தின்னும் நெத்தலி இருக்கின்றது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளலாகாது. பால் பட்டதும் தோல் தடித்தல், மூச்சுத் திணறல் தோன்றுமாயின் அது பாற்புரத ஒவ்வாமை; அவர்களுக்குத் தயிரும் நெய்யும்கூட ஆபத்தாகலாம். அதற்கும், மலத்தில் இரத்தம் காணல், உடல் மெலிதல் ஆகியவற்றுக்கும் வைத்தியரையே நாடவேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நாமாக நிறுத்துதலும் தகாது.

மற்றையோர் இரு வாரம் பாலை நிறுத்திப் பின் சிறிது சிறிதாகக் கூட்டித் தத்தம் அளவைக் கண்டுகொள்ளலாம். பாடசாலைப் பிள்ளைக்கு வெறும் வயிற்றிற் கொடுக்கும் குவளையைப் பாதியாக்கி, இடியப்பம் உண்டபின் கொடுத்துப் பாருங்கள். மறுபாதி மாலையிலே தயிராக வரட்டும்.