சேற்றில் சுழலும் எஃகு

மன்னார்குடி வட்டாரத்தில் நடவுக்குச் சேறடித்து முடித்ததும் ரோட்டவேட்டரைக் கழுவிக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். அடுத்த பட்டத்துக்கு எடுத்து ஓட்டினால் பேரிங் கரகரக்கும். சும்மா நின்ற நாட்களில் வந்த கேடு அது. ஆயில் சீலைத் தாண்டி நுழைந்த ஈரம், குண்டும் வளையமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தங்கி நுண்ணிய துருக்குழிகளைப் போட்டிருக்கும். மறுபடி பாரம் ஏறிச் சுற்றும்போது குழியின் விளிம்பில் விரிசல் விடும்; பிறகு எஃகு செதில் செதிலாக உரியும்.

பேரிங்குகளில் பெரும்பாலானவை 52100 என்ற எஃகில் செய்தவை. கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். கடினத்துக்குக் குறைவில்லை, துருவைத்தான் தாங்காது. எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் படரும் குரோமியம் ஆக்சைடு படலம். அதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் தேவை. சரி, குரோமியத்தைக் கூட்டிவிட்டால்? 440சி எஃகில் 16 முதல் 18 சதவீதம் உண்டு. ஆனால் கடினத்துக்காகச் சேர்த்த கார்பனே அதில் ஒரு பங்கைப் பிடித்துப் பெரிய கார்பைடு துகள்களாகக் கட்டிவிடுகிறது. படலத்துக்கான குரோமியம் குறைகிறது. விரிசலும் அந்தத் துகள்களிலிருந்தே கிளம்புகிறது.

ஜெர்மனியில் உருவான குரோனிடர் 30 இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. கார்பனைச் சுமார் 0.3 சதவீதமாகக் குறைத்து, 0.4 சதவீதம் நைட்ரஜன் சேர்த்தார்கள், குரோமியம் 15. சாதாரண அழுத்தத்தில் உருகிய எஃகில் இவ்வளவு நைட்ரஜன் தங்காது. சோடாவில் வாயுவை அடைப்பதுபோல், உயரழுத்த நைட்ரஜனில் எஃகை மறுபடி உருக்குகிறார்கள். துகள்கள் நுண்மையாகின்றன, கடினமும் துரு எதிர்ப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. அமெரிக்க விண்ணோட எஞ்சின்களின் திரவ ஆக்சிஜன் பம்புகளில் 440சி பேரிங்குகள் தேய்ந்து தொல்லை தந்தன. அந்த எஞ்சின் பம்புகளுக்குப் பின்னர் இந்த எஃகு வந்தது. திரவ ஆக்சிஜன் அருகே கிரீஸ் தீப்பற்றும் என்பதால் போடவே முடியாது. நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கும் அதே நெருக்கடிதான்.

ரோட்டவேட்டருக்கு இந்த எஃகின் விலை இன்று கட்டுப்படியாகாது. ஆனாலும் முத்துப்பேட்டைப் பக்கம் உப்பேறிய வயல்களில் துரு இன்னும் வேகமாகத் தின்னும். குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இவ்வகை எஃகுகளைக் காவிரிச் சேற்றிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அதுவரை உழவர்கள் செய்யக்கூடியது உண்டு. கழுவும்போது பிரஷர் தண்ணீரைச் சீலின் மேல் நேராக அடிக்காதீர்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் புது கிரீஸ் ஏற்றி, டிராக்டரிலிருந்து கழற்றியபின் ரோட்டரைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டு நிறுத்துங்கள்.