மலிவுத் தாளின் விலை

தாள் பழசாக ஆகத்தான் பழுத்து நொறுங்கும் என்று நினைக்கிறோம். அமெரிக்கக் கிராமப்புறங்களின் பழைய வாரப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 1850 வாக்கில் அச்சான இதழை இன்றும் பெரும்பாலும் பயமின்றிப் புரட்டலாம். 1900-இல் அச்சானதோ விரல் பட்டாலே ஓரம் உதிரும். மூத்தது திடமாக இருக்க, இளையது ஏன் பொடியாகிறது?

மூத்தது துணியில் பிறந்தது. பருத்தி, லினன் கந்தல்களை ஊறவைத்து இடித்த கூழில்தான் அக்காலத் தாள் செய்தார்கள். பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்தான் தாளுக்கு வலு. பத்திரிகைகள் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1844-இல் ஜெர்மனியின் சாக்சனியில் கெல்லர் என்பவர், மரத்தைச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செய்தித்தாள் என்றாலே மரக்கூழ் என்றாகிவிட்டது. தாள் விலை சரிந்தது. சில நூறு சந்தாதாரர்களை நம்பியும் ஒரு சிற்றூரில் பத்திரிகை நடத்த முடிந்தது.

அந்தப் பத்திரிகைகள் சிக்கனத்தில் ஊறியவை. விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ என்ற சிற்றூரில் வாரப் பத்திரிகை நடத்திய கெலாக், 1861-இல் உள்நாட்டுப் போருக்கு ஆட்கள் போய்விட்டதால் திண்டாடினார். தலைநகர் மேடிசனிலிருந்து ஒரு பக்கம் போர்ச் செய்தி அச்சிட்ட தாள்களை வரவழைத்து, வெற்றுப் பக்கத்தில் உள்ளூர்ச் செய்தியை அச்சிட்டார். 1865-இல் சிகாகோவில் இதையே தொழிலாகத் தொடங்கினார். அதன்பின் எங்கெங்கோ இருந்த ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் ஊர் விவகாரம், மறுபக்கம் ஒரே கதையும் ஒரே விளம்பரமும்.

சிக்கனத்தின் விலை தாளுக்குள் இருந்தது. மரத்தில் ஏறத்தாழ கால்பங்கு லிக்னின், அதாவது மர இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பசை. அரைத்த கூழில் அது அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். இன்றைய செய்தித்தாளில் பாதியை அட்டையால் மூடிச் சில நாள் வெயிலில் வைத்தால் உங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்.

நொறுங்குவதற்கு முக்கியக் காரணம் அமிலம். அக்காலத்தில் தாளில் மை ஊறிப் பரவாமலிருக்க, பைன் பிசினோடு அலுமினிய சல்பேட்டையும் கூழில் சேர்ப்பது வழக்கம். ஈரம் பட்டால் இது அமிலத்தன்மை தரும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக்கும். சிதையும் செல்லுலோஸிலிருந்தும் அமிலம் பிறக்கும். ஆகவே அழிவு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்கிறது. தொகுத்துக் கட்டிய பழைய இதழ்களில் ஓரம் கரும்பழுப்பாகவும் நடு வெளிறியும் இருப்பதற்கு, காற்றும் ஒளியும் ஓரத்திலிருந்தே நுழைவதுதான் காரணம்.

காரப்பொருள் ஏற்றி அமிலத்தைச் சமன்செய்யலாம். ஆனால் அறுந்த சங்கிலி மீண்டும் ஒட்டாது. அதனால்தான் காப்பகங்கள் தாளை மட்டும் நம்பவில்லை. 1846-இல் தொடங்கிய விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அடுத்த பெரிய செய்தித்தாள் தொகுப்பை வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி மைக்ரோபிலிமில்தான். சரியாகப் பேணினால் இன்றைய பாலியெஸ்டர் பிலிம் 500 ஆண்டு தாங்கும் என்பது கணிப்பு. ஒரு வாரம் வாசித்துவிட்டு வீசுவதற்கென்றே செய்த தாளுக்கு, அதில் அச்சானதன் மதிப்பு தெரியாது; அதைத் தெரிந்தவர்கள்தான் செய்தியைத் தாளிலிருந்து பிரித்துக் காப்பாற்றுகிறார்கள்.