புனேயின் மலைவழிகளும் வானவில் சட்டையும்

2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனே மாவட்டத்தின் சாலைகளில் நடந்த புனே கிராண்ட் டூர் என்னும் சைக்கிள் பந்தயம், சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் அட்டவணையில் '2.2' என்னும் தகுதி பெற்று இந்தியாவில் நடத்தப்பட்ட முதல் பல நாள் சாலைப் பந்தயம் ஆகும். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஓட்டுநர்கள், ஒரு சிறிய முன்னோட்டப் பந்தயத்தையும் அதைத் தொடர்ந்து நான்கு நாள்களில் ஏறத்தாழ 437 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்த அந்தப் பந்தயத்தில், சீனாவில் பதிவான ஓர் அணிக்காக ஓட்டிய நியூசிலாந்து நாட்டின் லூக் மட்ஜ்வே வென்றார். ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி மூன்றாவது நாட்டில் வெல்வது சைக்கிள் உலகில் அன்றாட நிகழ்ச்சி. அந்த அன்றாடத்துக்கு விதிவிலக்காக அமைந்திருப்பதே, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயம். புனேயில் நடந்ததன் முக்கியத்துவம் விளங்க வேண்டுமானால் அந்தப் பந்தயத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தொழில்முறைச் சைக்கிள் ஓட்டுநர் ஒருவர் ஆண்டின் பெரும்பகுதியில் ஏதேனும் ஒரு வணிக அணியின் ஊழியர். அவருடைய சம்பளம், சைக்கிள், சட்டை, பயிற்சியாளர் எல்லாம் அந்த அணி தருபவை. உலக சாம்பியன்ஷிப்பிலோ அவர் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தம் நாட்டின் சீருடையை அணிகிறார். அதுவரை ஒரே அணியில் தோழர்களாக இருந்தவர்கள் எதிரெதிர் நாடுகளுக்காகவும், அதுவரை போட்டியாளர்களாக இருந்தவர்கள் ஒரே நாட்டுக்காகவும் ஓட்ட நேர்கிறது. வெல்பவருக்கு நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து பட்டைகள் கொண்ட வெள்ளைச் சட்டை வழங்கப்படுகிறது. வானவில் சட்டை என்று அழைக்கப்படும் அதை அடுத்த ஓராண்டு முழுவதும் சாலைப் பந்தயங்களில் அணியும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. 1921-இல் கோபன்ஹேகனில் தொழில்முறை சாராதோருக்காகத் தொடங்கிய இந்தப் போட்டி, 1927-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் திறக்கப்பட்டபோது, முதல் நான்கு இடங்களையும் இத்தாலியரே பிடித்தனர். அன்று வென்ற அல்ஃப்ரெடோ பிண்டா, பின்னர் 1930-இலும் 1932-இலும் மீண்டும் வென்றார். மூன்று முறைக்கு மேல் வென்ற ஆண் இதுவரை எவரும் இல்லை.

தனி ஒருவர் வெல்லும் இப்பந்தயத்தில் அணி எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்கான விடை காற்றில் இருக்கிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சைக்கிள் ஓட்டுநரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கோ அந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நெருங்கிச் செல்லும் கூட்டம் பிரெஞ்சு வழக்கையொட்டி பெலட்டான் எனப்படுகிறது. அதன் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர் எதிர்கொள்ளும் காற்றின் தடை, தனியே செல்பவர் எதிர்கொள்வதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்று நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2018-இல் காட்டியது. ஆகவே ஐந்து மணி, ஆறு மணி நேரம் முன்னால் நின்று காற்றின் தடையைத் தாங்கிக்கொள்வதும், தப்பி ஓடியவர்களைத் துரத்திப் பிடிப்பதும், பின்தொடரும் அணி வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து பகிர்வதும், தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் துணை ஓட்டுநர்களின் வேலையாகின்றன. கடைசிச் சில கிலோமீட்டர்களில் புத்துணர்வுடன் பாய்வதற்காகத் தலைவர் ஒருவர் பாதுகாக்கப்படுகிறார்; பதக்கம் அவர் கழுத்தில் விழுகிறது; உழைத்த மற்றவர்களின் பெயர் முடிவுப் பட்டியலின் அடியில் எங்கோ இருக்கும், அல்லது பந்தயத்தை முடிக்காதவர்களின் வரிசையில் இருக்கும்.

வணிக அணியில் இந்தத் தியாகத்துக்குச் சம்பளம் உண்டு. ஒரு நாளைக்கு மட்டும் கூடும் தேசிய அணியில் அதற்கு ஈடாக நாட்டுப்பற்றும் முந்தைய இரவின் வாய்மொழி உடன்பாடுமே இருக்கின்றன. போதாக்குறைக்கு, உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டுநர்களின் காதில் வானொலிக் கருவிக்கு அனுமதி இல்லை என்பதால் மேலாளரின் கட்டளையும் எளிதில் எட்டாது. அந்த உடன்பாடு உடைந்த நாள்களைச் சைக்கிள் வரலாறு மறக்கவில்லை. 1963 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ரோன்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில், ஏற்கெனவே இருமுறை உலக சாம்பியனான ரிக் வான் லோய் தம் சொந்த மக்கள் முன்னிலையில் மூன்றாவது முறை வெல்ல வேண்டும் என்பதே பெல்ஜிய அணியின் திட்டம். இறுதிப் பாய்ச்சலில் அவர் சற்று முன்னதாகவே வேகமெடுத்து, சாலையின் குறுக்கே விலகியபோது, அவரை ஒட்டி வந்த 22 வயது பெனோனி பெஹெய்ட் என்னும் பெல்ஜியர் கையை நீட்டித் தம்மைக் காத்துக்கொண்டவாறே ஒரு சக்கர அளவுக்கும் குறைவான இடைவெளியில் முந்திவிட்டார். தலைவரையே வென்ற அந்தத் துணை ஓட்டுநர் வானவில் சட்டையை அணிந்தாலும், பத்தாண்டுகள் நீடித்திருக்க வேண்டிய அவருடைய தொழில் வாழ்க்கை சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனது.

1982-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்ததும் இதே வகையானதுதான். அமெரிக்க வீரர் ஜொனாதன் பாயர் கடைசிக் கிலோமீட்டரில் தனியே முன்னேறிச் சென்றபோது அவரைத் துரத்தியவர், அதே அமெரிக்கச் சீருடை அணிந்த கிரெக் லெமாண்ட். அந்தத் துரத்தலின் பலனை இத்தாலியின் ஜுசெப்பே சரோன்னி அள்ளிக்கொண்டு வென்றார், லெமாண்ட் இரண்டாமிடம் பெற்றார். இதைத் துரோகம் என்று எழுதியவர்கள் பலர். ஆனால் ஆண்டு முழுவதும் வெவ்வேறு வணிக அணிகளில் பிழைப்பு நடத்தும் இருவரை ஒரே நிறச் சட்டை ஒரே நாளில் ஓர் அணியாக்கிவிடும் என்று எதிர்பார்த்ததே அந்நாளின் பெரிய பிழை. தேசிய அணி என்பது பந்தயத்துக்கு முன்னரே, பல ஆண்டுகளில் உருவாக்கப்பட வேண்டிய ஒன்று.

2025 செப்டம்பர் 28 அன்று ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நடந்த பந்தயம், இந்த இரட்டை விசுவாசத்தை இன்னொரு கோணத்தில் காட்டியது. 267.5 கிலோமீட்டர் நீளமும், மொத்தம் ஐயாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றமும் கொண்ட அந்தப் பாதையில், இலக்குக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலாக எஞ்சியிருந்தபோதே ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர் கிகாலி மலையில் பாய்ந்தார். அவரைத் தொடர முடிந்தவர்கள் ஸ்பெயினின் ஹுவான் ஆயூசோவும் மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவும் ஆவர். அந்த ஆண்டு மூவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே வணிக அணி. அவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராகப் பின்தங்க, பொகாச்சர் தனியே சென்று இரண்டாம் ஆண்டாகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். புறப்பட்ட நூற்றறுபதுக்கும் மேற்பட்டோரில் பந்தயத்தை முடித்தவர்கள் 30 பேர் மட்டுமே. ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலக சாலை சாம்பியன்ஷிப் அது என்பதும், அதை நடத்தும் தகுதியை ருவாண்டா எவ்வாறு ஈட்டிக்கொண்டது என்பதும் இந்தியாவுக்குப் பாடமாகும் செய்திகள்.

உலக சாம்பியன்ஷிப்பில் எந்த நாடு எத்தனை பேரை நிறுத்தலாம் என்பதைச் சர்வதேச ஒன்றியத்தின் நாடுகள் தரவரிசை தீர்மானிக்கிறது. முன்னணி நாடுகளுக்கு எட்டு இடங்கள், அவற்றுக்கு அடுத்த நிலையில் ஆறு, அதற்கும் அடுத்து நான்கு எனக் குறைந்துகொண்டே செல்லும் அந்த ஒதுக்கீட்டில், எட்டுப் பேர் கொண்ட நாடு காற்றைத் தாங்க ஆள் வைத்திருக்கிறது. ஒருவரை மட்டும் அனுப்பும் நாடு அவரைத் தனியே காற்றில் விடுகிறது. இந்தத் தரவரிசைக்கு அடிப்படை, அந்தந்த நாட்டின் முன்னணி ஓட்டுநர்கள் ஆண்டு முழுவதும் பந்தயங்களில் சேர்க்கும் புள்ளிகள். '2.2' என்ற குறியீட்டில் முதல் எண் பல நாள் பந்தயம் என்பதையும், இரண்டாவது எண் சர்வதேச அட்டவணையின் அடிப்படை வகுப்பு என்பதையும் குறிக்கின்றன. அத்தகைய பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 40 புள்ளிகளும், ஒரு நாள் கட்டத்தை வெல்பவருக்கு 7 புள்ளிகளும் கிடைக்கும். தூர் த பிரான்ஸ் வெற்றியாளருக்குத் தற்போது கிடைக்கும் 1,300 புள்ளிகளோடு ஒப்பிட்டால் இது அற்பமாகத் தோன்றலாம். எனினும் உலகின் பெரும்பாலான நாடுகள் ஏறத் தொடங்கும் படி இதுவே. பெரும் பந்தயங்களின் கதவு தட்டினாலும் திறக்காத நிலையில், தேசிய அணிகள் தங்கள் சொந்தச் சீருடையிலேயே வணிக அணிகளோடு நேருக்கு நேர் மோதுவதற்கு இந்த வகுப்புப் பந்தயங்களில் இடம் உண்டு.

ருவாண்டா ஏறியது இந்தப் படியில்தான். இனப்படுகொலையின் சுமையிலிருந்து எழுந்துகொண்டிருந்த அந்நாடு, தன் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை 2009-இல் 2.2 வகுப்பில் சேர்த்தது. பத்தாண்டுகளுக்குப் பின் 2019-இல் அது 2.1 வகுப்புக்கு உயர்ந்தது. 2025-இல் உலக சாம்பியன்ஷிப் அங்கே வந்தது. ஆண்டுதோறும் தவறாமல் ஒரே பந்தயத்தை நடத்தியதால் சாலைகள் பழகின, காவலர்கள் பழகினர், உள்ளூர்ச் சிறுவர்கள் தங்கள் வாசலில் வெளிநாட்டு ஓட்டுநர்களைப் பார்த்து வளர்ந்தனர். அதே கண்டத்தின் எரித்திரியாவிலிருந்து வந்த பினியம் கிர்மாய் 2021-இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் பந்தயத்தில் வெள்ளி வென்றதும், 2024-இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் புள்ளிப் போட்டிக்கான பச்சைச் சட்டையைக் கைப்பற்றியதும், இப்படிப் பழகிய ஒரு கண்டத்தின் விளைச்சலே.

இந்தியாவின் கணக்கு வேறு வகையானது. 1946-இல் இந்திய சைக்கிள் சம்மேளனம் அமைந்தது. 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி, 1964 டோக்கியோ ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் இந்தியச் சைக்கிள் ஓட்டுநர்கள் பங்கேற்றனர். அதன் பின்னர், 2024 பாரிஸ் வரை, சைக்கிளின் எந்தப் பிரிவிலும் ஓர் இந்தியர்கூட ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. திறமைக்குப் பஞ்சம் என்று இதை விளக்கிவிட முடியாது. 2019-இல் எசோ ஆல்பென், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோர் ஜூனியர் உலகத் தடப் போட்டியில் அணி விரைவோட்டத் தங்கத்தை வென்று காட்டினர். தடப் போட்டி என்பது சாய்வான நீள்வட்ட அரங்கில் நடப்பது. அதற்கு ஓர் அரங்கும் நல்ல பயிற்சியும் இருந்தால் போதும். சாலைப் பந்தயத்துக்கோ நெரிசலான பெலட்டானுக்குள் தோளோடு தோள் உரசி ஓட்டிப் பழகிய நூற்றுக்கணக்கான நாள்கள் தேவை. அந்த நாள்களை அரங்கத்தில் வாங்க முடியாது. ராணுவத்திலும் ரயில்வேயிலும் வேலை பெற்றுக்கொண்டு தேசியப் போட்டிகளில் மட்டும் ஓட்டிவந்த இந்திய ஓட்டுநர்களுக்கு அப்படிப்பட்ட நாள்கள் உள்நாட்டில் கிடைக்கவே இல்லை.

புனே அந்தக் குறையை நிரப்பத் தகுதியுள்ள ஊர். ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்றே அறியப்பட்டதும், பழைய சைக்கிள்களுக்கென்றே ஒரு தனியார் அருங்காட்சியகத்தைக் கொண்டிருப்பதும், மும்பையிலிருந்து போர் காட் மலைவழியாகத் தன்னை நோக்கி வரும் பந்தயத்தைப் பல பத்தாண்டுகளாகக் கண்டுவருவதுமான நகரம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தக்காணப் பீடபூமி தொடங்கும் விளிம்பில் அமைந்திருப்பதால், முல்ஷி, மாவள் பகுதிகளின் ஏரிக்கரை ஏற்றங்களும், புரந்தர் கோட்டைப் பக்கத்துச் சரிவுகளும், பாராமதியை நோக்கிய காற்று வீசும் கரும்புச் சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கின்றன. ஏறுபவரையும் பாய்பவரையும் ஒரே வாரத்தில் சோதிக்க இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. முதல் கட்டத்தில் குறுகிய கிராமச் சாலை ஒன்றில் பெலட்டானில் பலர் ஒரே நேரத்தில் விழுந்து, பந்தயம் சிறிது நேரம் நிறுத்தி மீண்டும் தொடங்கப்பட்டது; சாலையின் அகலம் கூட்டத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அமைப்பாளர்கள் அன்று கண்ணாரக் கண்டனர், அடுத்த ஆண்டு பாதையை வகுக்கும்போது அந்த அறிவு உதவும். இந்திய ஓட்டுநர்கள் தங்கள் நாட்டின் சீருடையில், வெளிநாட்டுக்குப் பயணச் செலவு இன்றி, வெளிநாட்டு வணிக அணிகளின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினார்கள் என்பதே அந்த ஐந்து நாள்களின் உண்மையான ஈட்டம்.

ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு பந்தயம் ஒரு தேசிய அணியை உருவாக்கிவிடாது. தமிழ்நாட்டில் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையின் 70 வளைவுகளும் உலகத் தரமான ஏற்றங்கள். 2008 முதல் நீலகிரியைச் சுற்றி நடந்துவரும் அமெச்சூர் சைக்கிள் பயணம் ஒன்று அந்தச் சாலைகள் எவ்வளவு பொருத்தமானவை என்பதை ஏற்கெனவே நிரூபித்திருக்கிறது. புனே எடுத்து வைத்த அடியைப் பின்பற்றி, தமிழ்நாடு அரசும் மாநிலச் சைக்கிள் சங்கமும் இந்த மலைகளில் 2.2 வகுப்புப் பந்தயம் ஒன்றை அட்டவணையில் சேர்க்க முன்வர வேண்டும். அதைத் தொடங்கிவிட்டு ஓராண்டோடு கைவிடாமல், ருவாண்டாவைப் போலப் பத்தாண்டுகளாவது இடைவிடாமல் நடத்தவும் வேண்டும்.