தொடுதலும் ஒரு மருந்து

எலிக்குஞ்சு பிறக்கும்போது ஐந்தாறு கிராம்தான் இருக்கும். உடம்பில் முடி கிடையாது. கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே பிரியும். முதல் சில நாட்களில் குஞ்சுகள் சாகும்போது, பால் கிடைத்ததா, குளிரில் கிடந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இரண்டும் முக்கியம்தான், ஆனால் அவை மட்டும் போதாது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழுவினர் 1970களில் கண்டறிந்தார்கள். தாயிடமிருந்து பிரித்த குஞ்சுகளைச் சூடு குறையாமல் வைத்திருந்தும் அவற்றின் வளர்ச்சி ஹார்மோன் சரிந்தது. மயக்க மருந்து கொடுத்த தாயின் பக்கத்தில் கிடத்தியும் பயனில்லை. தாய் நக்குவதைப் போல ஈரத் தூரிகையால் அழுத்தி வருடியதும் ஹார்மோன் மீண்டும் ஏறியது. அந்தச் சின்ன உடம்பு வளர்வதற்குத் தாயின் தொடுகையும் தேவைப்பட்டிருக்கிறது.

எலியை வைத்து மனிதக் குழந்தைக்கு முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயமே. கட்டக் கூடாது, அதனால்தான் குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் வருடிவிட்டபோது மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியதை 1986இல் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் வெளியிட்டார்கள். எடை ஏறுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. உயிரைப் பற்றிய வலுவான பதில் 2021இல்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த அந்த ஆய்வில் தில்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள் பங்கேற்றன; 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த 3,211 குழந்தைகள் அதில் இருந்தார்கள். பிறந்ததும் தாயின் வெற்று மார்பில் அணைத்து வைத்த குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகே தாயிடம் தந்தவற்றில் அது 15.7 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை 1880 முதல் பிரசவம் பார்க்கிறது. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெண்கள் அங்கே பிரசவத்துக்குப் போகும் வடசென்னையில், தாயின் அணைப்பு உயிர் காக்கும் என்ற செய்தி வீட்டுக்கு வீடு தெரிய வேண்டும். அம்மாவைக் குழந்தைகள் பிரிவுக்குள் விட்டால் கிருமி தொற்றிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதே ஆய்வில், தாயோடு இருந்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாகவே இருந்தது. குழந்தையைச் சூடாக வைக்க வார்மர் கருவி இருக்கும்போது அணைப்பு எதற்கு என்பார்கள். ஆக்ஸிஜனையும் மருந்தையும் தாயின் அணைப்பு விலக்குவதில்லை. அவற்றோடு சேர்ந்து நடப்பது அது. எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு: நாளுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் அணைத்திருந்தார்கள் அந்த ஆய்வில். அறுவை சிகிச்சை முடிந்த பெண்ணால், வீட்டில் மூத்த பிள்ளையும் காத்திருக்கும்போது, தனியாக அது முடியாது. குழந்தைக்குப் பக்கத்திலேயே தாய்க்குக் கட்டில் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், மாற்றி அணைக்க ஆள் வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவோ மாமியாரோ சித்தியோ, சட்டையைத் தளர்த்திக் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். எடை குறைந்த குழந்தை பிறந்தால் எப்போது அணைக்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், அன்றே கேளுங்கள்.