பதவி கிடைத்தது, சம்பளம் வரவில்லை!

ஸ்பெயின் நாட்டு மன்னர் இரண்டாம் சார்லஸ் 1692-ம் ஆண்டு ஒரு பெண்மணியை அரசவைச் சிற்பியாக நியமித்தார். அவர் பெயர் லூயிசா ரோல்டான். பதவி கிடைத்ததே தவிர, சம்பளம் வரவில்லை.

லூயிசா 1652-ல் செவில் நகரில் பிறந்தவர். தந்தை பேத்ரோ ரோல்டான் அவ்வூரின் பேர்பெற்ற சிற்பி. தேவாலயங்களுக்கு மரத்தில் திருவுருவங்கள் செதுக்கும் அவரது பட்டறையிலேயே மகளும் தொழில் கற்றார். லூயிஸ் அன்டோனியோ என்ற சிற்பியை மணக்க விரும்பியபோது தந்தை மறுத்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. மகள் பக்கமே ஜெயித்தது. 1671-ல், 19 வயதில், திருமணம் நடந்தது.

பிறந்த குழந்தைகளில் பலரைப் பறிகொடுத்தார், மிஞ்சியவர்கள் இருவர்தாம். உளி பிடித்தது மனைவி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது கணவர். அக்கால வழக்கம் அப்படி. அதனால் எந்தச் சிலை யாருடையது என்பதில் பின்னாளில் குழப்பம் வந்தது. காடிஸ் நகரப் பேராலயத்திலுள்ள இயேசு சிலையை 1984-ல் பழுது பார்த்தபோது, உள்ளே ஒரு காகிதம் கிடைத்தது. 1684-ல் கணவரின் உதவியுடன் லூயிசா செய்தது என்று அதில் எழுதியிருந்தது. முந்நூறு ஆண்டுகள் சிலைக்குள்ளேயே இருந்த அத்தாட்சி!

1680-களின் இறுதியில் குடும்பம் மாட்ரிட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சுட்ட களிமண்ணில் சின்னஞ்சிறு உருவக் கூட்டங்கள் செய்து, வண்ணம் தீட்டித் தரும் புது வேலையில் லூயிசா புகழ் பெற்றார். எஸ்கோரியல் மாளிகைக்காக, சாத்தானை மிதித்து நிற்கும் மிக்கேல் தேவதூதரையும் செதுக்கினார். தேவதூதருக்குத் தன் முகத்தையும் சாத்தானுக்குக் கணவர் முகத்தையும் வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை.

அரண்மனைக் கஜானாவோ காலி. லூயிசா மனுவுக்கு மேல் மனு எழுதினார். குடியிருக்க இடம் வேண்டும், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்று கேட்டார். ஆண்டுக்கு 100 டுகாட் சம்பளம் 1695-ல்தான் அனுமதியாயிற்று. அதுவும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. 1701-ல் புதிய மன்னர் ஐந்தாம் பிலிப்பிடம் மீண்டும் விண்ணப்பித்து, அதே பதவியைப் பெற்றார்.

1706 ஜனவரியில், சாவதற்குச் சில நாட்கள் முன்பு, தன்னிடம் சொத்து எதுவும் இல்லையென்று ஏழ்மைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஜனவரி 10-ல் மாட்ரிட்டில் காலமானார். ரோமாபுரியின் புனித லூக்கா கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்ததும் அதே நாளில்தான்.