கோப்பு முறைமைகளில் தொகுதி ஒதுக்கீடு

தொகுதி ஒதுக்கீடு என்பது, ஒரு கோப்பின் தரவை வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் எழுதுவது என்று கோப்பு முறைமை முடிவு செய்யும் வேலையாகும். வட்டின் இடம் முழுவதும் சம அளவுள்ள சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்றைய கணினிகளில் ஒரு தொகுதி பெரும்பாலும் 4096 பைட்டு. கோப்பைச் சேமிக்கும்போது தேவையான அளவு காலித் தொகுதிகளை எடுத்து, அவற்றின் எண்களைக் குறித்து வைத்துவிட்டால், அவை வட்டில் எங்கே கிடந்தாலும் கோப்பு பிழையின்றித் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பதுதான் இடத்தைப் பொறுத்தது.

இடம் ஏன் முக்கியம்

சுழலும் வன்தட்டில் தரவைப் படிக்க இரண்டு அசைவுகள் தேவை. படிக்கும் முனையைத் தாங்கிய கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு தட்டு சுழன்று, வேண்டிய பகுதி முனைக்குக் கீழே வந்து சேர வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. ஆகவே சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். கை நகர 9 மில்லிநொடி என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 13 மில்லிநொடி.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 100 மெகாபைட்டு கோப்பில் 4096 பைட்டு தொகுதிகள் 25,600 இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் வட்டு முழுவதும் சிதறியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 13 மில்லிநொடி வீதம் மொத்தம் ஐந்தரை நிமிடம் ஆகும். அதே தொகுதிகள் வரிசையாக அமைந்திருந்தால், நொடிக்கு 150 மெகாபைட்டு படிக்கக்கூடிய வட்டு ஒரு நொடிக்குள் வேலையை முடித்துவிடும். உண்மையில் எந்தக் கோப்பும் இவ்வளவு மோசமாகச் சிதறுவதில்லை என்றாலும், வேறுபாடு எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பழைய யூனிக்ஸ் கோப்பு முறைமை

சிதறல் எப்படி நேர்கிறது என்பதற்குத் தொடக்ககால யூனிக்ஸ் முறைமை நல்ல எடுத்துக்காட்டு. அதில் தொகுதியின் அளவு 512 பைட்டு மட்டுமே. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உரிமையாளர், அளவு, தொகுதி எண்கள் ஆகியவற்றைக் கொண்ட ஐநோடு என்ற குறிப்பு உண்டு. 150 மெகாபைட்டு முறைமை ஒன்றில் ஐநோடுகள் அனைத்தும் முதல் 4 மெகாபைட்டிலும், தரவு எஞ்சிய 146 மெகாபைட்டிலும் இருக்கும். எனவே எந்தக் கோப்பைத் திறந்தாலும் கை முதலில் ஒரு முனைக்குப் போய், அங்கிருந்து தரவு கிடக்கும் தொலைவுக்கு ஓட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை காலித் தொகுதிகளின் பட்டியலில் இருந்தது. முறைமையைப் புதிதாக அமைக்கும்போது பட்டியல் ஒழுங்காக இருக்கும். கோப்புகள் அழிக்கப்படும்போது விடுபடும் தொகுதிகள் பட்டியலின் தலையில் போய்ச் சேரும். அடுத்து வரும் கோப்பு அவற்றையே முதலில் எடுத்துக்கொள்ளும். சில நாட்களில் பட்டியல் சீட்டுக்கட்டைக் கலைத்தது போல ஆகிவிடும். தொகுதி அளவை 1024 பைட்டாக உயர்த்திய பின்னும் இதே கதைதான்: புதிதாக அமைத்தபோது நொடிக்கு 175 கிலோபைட்டு வரை இருந்த வேகம், சில வாரப் பயன்பாட்டில் 30 கிலோபைட்டாகச் சரிந்தது. தரவு முழுவதையும் வெளியே எடுத்து, முறைமையை மீண்டும் அமைத்து, தரவைத் திரும்ப ஏற்றுவதே அதற்கு மருந்தாக இருந்தது.

பெர்க்லியின் மாற்றம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக், வில்லியம் ஜாய், சாமுவேல் லெப்ளர், ராபர்ட் ஃபேப்ரி ஆகியோர் உருவாக்கிய விரைவுக் கோப்பு முறைமை இந்தக் குறைகளைக் களைந்தது. 1984-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. புள்ளிவிவரங்களை ஒளிவுமறைவின்றி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் வட்டை உருளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். அருகருகே உள்ள தடங்களைச் சேர்த்த பகுதியே ஓர் உருளைக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக ஐநோடுகளும், எந்தத் தொகுதி காலி என்பதை ஒவ்வொரு பிட்டால் காட்டும் பிட் வரைபடமும் தரப்பட்டன. பட்டியலைப் போலன்றி வரைபடம் கலைந்துபோவதில்லை. அடுத்தடுத்த காலித் தொகுதிகள் எங்கே உள்ளன என்பது அதில் அப்படியே தெரியும்.

ஒரே அடைவில் உள்ள கோப்புகளின் ஐநோடுகளை ஒரே குழுவில் வைப்பது, கோப்பின் தரவை அதன் ஐநோடு இருக்கும் குழுவிலேயே வைப்பது, புதிய அடைவை மட்டும் வேறொரு குழுவுக்கு அனுப்புவது என்பன அவர்களுடைய விதிகள். சேர்ந்து பயன்படுபவை சேர்ந்து இருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். கடைசி விதி முரண்பாடு போலத் தோன்றலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் அந்தக் குழு நிரம்பி, அடுத்து வரும் கோப்புகளுக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் போகும். இதனால்தான் பெரிய கோப்பு ஒன்று 48 கிலோபைட்டைத் தாண்டியதும் வேறு குழுவுக்கும், அதன் பின் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் இன்னொரு குழுவுக்கும் மாற்றப்பட்டது. ஒரு மெகாபைட்டுக்கு ஒரு முறை கை நகர்வதால் பெரிய இழப்பு இல்லை.

தொகுதி அளவையும் குறைந்தது 4096 பைட்டாக உயர்த்தினார்கள். அதில் ஒரு சிக்கல் எழுந்தது. அக்காலக் கோப்புகளில் பெரும்பாலானவை சிறியவை. கடைசித் தொகுதியில் வீணாகும் இடம் மிகுதி. அவர்களுடைய அளவீட்டின்படி 512 பைட்டு தொகுதிகளில் 6.9 விழுக்காடாக இருந்த வீண், 4096 பைட்டு தொகுதிகளில் 45.6 விழுக்காடாக ஏறியது. இதற்குத் தீர்வாகத் தொகுதியை 1024 பைட்டு போன்ற துண்டுகளாக்கி, கோப்பின் வால்பகுதிக்கு மட்டும் துண்டுகளைக் கொடுத்தார்கள். 9000 பைட்டு கோப்பு ஒன்றுக்கு இரண்டு முழுத் தொகுதிகளும் ஒரு துண்டும் போதும்.

பழைய முறைமை வட்டின் வேகத்தில் 3 முதல் 5 விழுக்காடு வரையே பயன்படுத்தியது. புதியது 47 விழுக்காட்டைத் தொட்டது. கோப்புகளை அணுகும் வேகம் 10 மடங்கு வரை கூடியது.

காலி இடத்தின் விலை

இந்த முறைமையில் பயனர்கள் பலருக்கும் பிடிக்காத விதி ஒன்று உண்டு. வட்டில் 10 விழுக்காடு இடம் எப்போதும் காலியாக விடப்பட வேண்டும். அதைத் தாண்டி எழுதுவதற்கு நிர்வாகிக்கு மட்டுமே உரிமை. காசு கொடுத்து வாங்கிய இடத்தைப் பூட்டி வைப்பதா என்ற கேள்வி இயல்பானது. ரயிலில் முன்பதிவு செய்தவர்களுக்கு விடை எளிதாக விளங்கும். இருக்கைகள் நிறையக் காலியாக இருக்கும்போது ஒரு குடும்பத்தின் பத்துப் பேருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைக்கும். கடைசி நேரத்தில் போனால் பத்து இருக்கைகள் கிடைத்தாலும் ஐந்து பெட்டிகளில் கிடைக்கும். காலித் தொகுதிகள் முற்றிலும் தீர்ந்துவிடும் நிலையில் வேகம் பாதியாகிவிடுவதாக மெக்கூசிக் குழுவினர் குறிப்பிட்டனர். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமை இன்றும் இயல்பாக 5 விழுக்காட்டை இதுபோல் ஒதுக்கி வைக்கிறது.

தனிக்கணினிகளில் பரவிய ஃபேட் முறைமையில் இத்தகைய குழுக்களோ ஒதுக்கீட்டு விதிகளோ இல்லை. அதனால் சிதறிய தொகுதிகளை அவ்வப்போது ஒன்றுசேர்க்கும் மென்பொருள் தேவைப்பட்டது. விண்டோஸ் 98 திரையில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

முடிவைத் தள்ளிப்போடுதல்

அடுத்த பெரிய முன்னேற்றம், எப்போது இடம் தேர்ந்தெடுப்பது என்பதில் வந்தது. ஒரு நிரல் கோப்பை எழுதத் தொடங்கும்போது, அது எவ்வளவு பெரிதாகும் என்று கோப்பு முறைமைக்குத் தெரியாது. எனவே சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட எக்ஸ்எஃப்எஸ் முறைமை, தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் எழுதும் நேரத்தில் மட்டுமே இடத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் கோப்பின் அளவு ஓரளவு தெரிந்துவிடுவதால் நீண்ட தொடர் இடம் ஒன்றைத் தேடி எடுக்க முடியும். எழுதிய உடனே அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புகளுக்கு வட்டில் இடமே தேவைப்படாமலும் போகலாம்.

2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 பதிப்புடன் நிலைபெற்ற எக்ஸ்ட்4 இதே வழியைப் பின்பற்றியது. அத்துடன், தொகுதி எண்களை ஒவ்வொன்றாகக் குறிக்காமல், "இந்த எண்ணில் தொடங்கி இத்தனை தொகுதிகள்" என்று குறிக்கும் எக்ஸ்டென்ட் முறையையும் மேற்கொண்டது. 4096 பைட்டு தொகுதிகளில் ஓர் எக்ஸ்டென்ட் 128 மெகாபைட்டு வரை சுட்டும். நம்முடைய 100 மெகாபைட்டு கோப்பு தொடர்ச்சியாக அமைந்தால், 25,600 எண்களுக்குப் பதிலாக ஒரே பதிவு போதும்.

தள்ளிப்போடுவதில் ஆபத்தும் உண்டு. நினைவகத்தில் இருக்கும் தரவு மின்தடையில் போய்விடும். 2009-இல் எக்ஸ்ட்4 பயனர்கள் சிலர், கணினி திடீரென நின்று மீண்டும் இயங்கியபோது தங்கள் கோப்புகள் பூச்சிய அளவாகக் கிடப்பதைக் கண்டனர். பல நிரல்கள் புதிய கோப்பை எழுதி, பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்டும் வழக்கம் கொண்டவை. பெயர் மாற்றம் வட்டில் பதிந்துவிட்டது. தரவு இன்னும் பதியவில்லை. தரவை உடனே வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் என்ற அழைப்பை நிரலாளர்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. சட்டப்படி அது சரியே. ஆனால் கோப்பை இழந்தவருக்கு அந்த விளக்கம் உதவாது. பின்னர் இத்தகைய பெயர் மாற்றத்தின்போது ஒதுக்கீட்டை உடனே செய்யும் திருத்தம் எக்ஸ்ட்4-இல் சேர்க்கப்பட்டது.

திண்ம நிலை வட்டுகள்

திண்ம நிலை வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஆகவே சிதறலால் ஏற்படும் இழப்பு மிகவும் குறைகிறது. ஆயினும் முற்றிலும் மறைவதில்லை: சிதறிய கோப்புக்குப் பல எக்ஸ்டென்ட் பதிவுகளும் பல தனித்தனிக் கோரிக்கைகளும் வேண்டும். கோப்பு முறைமை தரும் எண்ணை வட்டின் உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொள்வதால், அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த இடங்களாக இருக்க வேண்டியதும் இல்லை. இவ்வகை வட்டில் வழக்கமான ஒன்றுசேர்ப்பு மென்பொருளை ஓட்டினால் கிடைக்கும் பயன் சிறிது, தேய்மானம் மிச்சம்.

காலி இடம் இங்கும் வேறு உருவில் தேவைப்படுகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. பல பக்கங்கள் கொண்ட பெரிய பகுதி ஒன்றை மொத்தமாக அழித்த பிறகே எழுத முடியும். அந்தப் பகுதியில் பயனுள்ள தரவு எஞ்சியிருந்தால் அதை முதலில் வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். வட்டு நிரம்ப நிரம்ப இந்த நகலெடுப்பு கூடுகிறது. எந்தத் தொகுதிகள் இனித் தேவையில்லை என்பதைக் கோப்பு முறைமை டிரிம் என்ற கட்டளையால் வட்டுக்குத் தெரிவிக்கிறது. அது வராவிட்டால், பயனர் அழித்துவிட்ட கோப்பின் தரவையும் பயனுள்ளது என்று எண்ணி வட்டு சுமந்துகொண்டே இருக்கும்.