சமைக்கிறதுக்கு ஒரு டிகிரியா?

என் நாத்தனார் மகள், 1957ல் துவங்கிய கோவை அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரியில் மனையியல் சேர்ந்தபோது, "சமைக்கிறதுக்கு ஒரு டிகிரியா?" என்று வீடே சிரித்தது. நானும்தான்.

இரண்டாம் வருட விடுமுறைக்கு வந்தவள், எப்போதும் சோர்ந்தே கிடந்த என் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "அத்தை, ரத்தம் கம்மியா தெரியுது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். பரிசோதித்ததில் ரத்தசோகை!

மாத்திரையோடு, இவள் சொன்னபடி சாப்பிட்டதும் டீ குடிப்பதை நிறுத்தினோம். அது இரும்புச்சத்தைச் சேர விடாதாம். சாப்பாட்டோடு நெல்லிக்காய் சேர்த்தோம். பெண் தேறி விட்டாள்.

ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, குடும்ப வரவு செலவு என்று எல்லாம் படித்தவள், இன்று அங்கன்வாடிகளை மேற்பார்வையிடுகிறாள்.

தோழிகளே, உங்கள் வீட்டுப் பெண் மனையியல் படிக்க ஆசைப்பட்டால், என்னைப் போல் சிரித்து விடாதீர்கள்!

- ஒரு வாசகி, ஈரோடு.